உம்மாவின் கையை அளந்தவர்கள்

எங்கள் உம்மாவின் கையை அளப்பதற்கென்றே சென்னையிலிருந்து இரண்டு பேர் மேலப்பாளையத்துக்கு வந்தார்கள் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பீடி சுற்றும் பெண்களின் கைவலியைக் குறைக்க ஒரு கருவி செய்யப் போகிறார்களாம். அதற்கு முன்னால் வீட்டிலேயே உட்கார்ந்து, எப்படிச் சுற்றுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு அப்போது ஒன்பது வயது.

உம்மாவின் வலது கட்டைவிரல் ஒரு வருடமாகவே மடங்க மறுத்தது. இலை வெட்டுவதையும் உருட்டுவதையும் எப்படியோ சமாளித்துவிடுவாள். பீடியின் நுனியை மடக்கி அடைக்க மட்டும் முடியாது. பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்தபின்னும் அதை நான்தான் செய்தேன். சுற்றுவதற்கு இலையும் புகையிலைத் தூளும் தரும் பீடிக்கடைக்காரருக்கு இது தெரியாது. வாப்பா இறந்த பிறகு எங்களுக்கு அந்த இலையை விட்டால் வேறு பிழைப்பில்லை.

அவர்கள் வருவதற்கு முந்தின நாளே உம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னாள்: "ஒத்தாசைக்கு யாருமில்லன்னு சொல்லணும், என்னா? சின்னப்புள்ள பீடி வேலை செய்யுதுன்னு எழுதிட்டுப் போனா, கடைக்காரரு இலையை நிறுத்திருவாரு."

மறுநாள் வீட்டைப் பார்த்திருந்தால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். உம்மா பெருநாள் சேலையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக் கண்ணாடித் தம்ளர்களில் நன்னாரி சர்பத். நான் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்து, காலை முழுக்க ஒரே பக்கத்தைப் படித்தேன்.

வந்த அண்ணன் உம்மாவின் விரல்களை நாடா வைத்து அளந்தார். கூட வந்த அக்கா வீடியோ எடுத்தாள். உம்மா அன்று எல்லா நுனிகளையும் தானே மடக்கினாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. வலிக்கிறதா என்று அக்கா கேட்டதற்கு, "அல்ஹம்துலில்லாஹ், ஒரு கொறையும் இல்ல. இலை வெட்டத்தான் நேரமாவுது" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நோவைச் சொல்வது எங்கள் தெருவில் மரியாதையில்லை.

அக்கா லேசுப்பட்டவள் அல்ல. கிளம்பும்போது வாசலில் என் உயரத்துக்குக் குனிந்து, "அம்மாவுக்கு யாரும்மா ஹெல்ப் பண்றது?" என்றாள்.

தூள் கறை ஏறிய நகங்களைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். "யாருமில்லக்கா. எல்லாம் உம்மாதான் செய்யுதாவ."

அக்கா அதையும் எழுதிக்கொண்டாள்.

அவர்கள் போனபின் உம்மாவால் தம்ளரைத் தூக்க முடியவில்லை. நான்தான் தண்ணீரைப் புகட்டினேன். "நல்லாச் சொன்னா எம்புள்ள" என்று இடது கையால் என் தலையைத் தடவினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருடம் கருவி வந்தது. ஒரே அழுத்தில் பத்து இலையை வெட்டியது. குறை சொல்ல முடியாத சாமான்தான். நுனி மடக்க மட்டும் அதில் ஒன்றுமில்லை; அதை நாங்கள் சொல்லவே இல்லையே. இலை சீக்கிரம் வெட்டுப்படுவதைப் பார்த்துக் கடைக்காரர் கூடுதலாக இலை தந்தார். மடக்க வேண்டிய நுனிகளும் கூடின. நான் பள்ளியில் இருந்த நேரமெல்லாம் உம்மா அந்த விரலோடு மல்லுக்கட்டினாள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குள் உம்மாவின் மற்ற விரல்களும் விறைத்துவிட்டன. இப்போது சோறு பிசைந்து ஊட்டுவது நான்தான்.

அந்த அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் என் மேல்தான். இலையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில், அவர்களுடைய ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்று கையசைத்தேன். உம்மாவின் விரலும் அதே ஆட்டோவில்தான் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.