எட்டாவது வரி

அந்த வரியை விழுங்கியது நான்தான். மறதியால் அல்ல, அவசரத்தாலும் அல்ல. படித்தேன், பொருள் புரிந்தது, வேண்டுமென்றே விட்டேன்!

இதைச் சொல்லிவிட்டு அழப்போகிறேன் என்று எண்ணாதீர்கள். உங்கள் முன் கைகட்டி நிற்கவும் மாட்டேன். முழுவதையும் கேளுங்கள். கேட்டபின் என்னை எந்தச் சொல்லால் திட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டாயிரத்து ஆறோ, ஏழோ... புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். பிரான்சிலிருந்த ஒரு பதிப்பகத்துக்குப் புத்தகப் பக்கங்களைக் கணினியில் வடிவமைத்துத் தரும் தொழில். முதலாளி பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'முசியே', பிரெஞ்சில் 'ஐயா'.

நான், ஜெயந்தி, இன்னும் இரண்டு பெண்கள்... நால்வரும் மெய்ப்புப் பார்ப்பவர்கள். மற்ற மூவரும் எழுத்துகளின் உருவத்தை மட்டுமே ஒப்பிட்டுப் பிழை பிடிப்பார்கள். பொருள் தெரிந்து படித்தவள் நான் ஒருத்திதான். என் அப்பா, வேலை பார்த்த பஞ்சாலை மூடியபின் அரியாங்குப்பத்தில் பஞ்சர் ஒட்டியவர். பள்ளியில் பிரெஞ்சு எடுத்தேன். பிறகு நான்கு வருடம் மாலை வகுப்புக்கு ஆற்றுப் பாலத்தில் சைக்கிள் மிதித்தேன். அந்த மொழியை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை!

கணினிகளைப் பார்த்துக்கொண்டவன் குமரவேல். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம், பாலிடெக்னிக் படித்தவன். என் வயதுதான். நேரில் 'சார்' என்றேன். இங்கே 'அவன்' என்றே எழுதுகிறேன். இப்போது என்ன பொய் மரியாதை?

ஒரு நாள் திருத்திய பக்கங்களோடு முசியேயின் அறை வாசலில் நின்றேன். உள்ளே குமரவேல் பேசிக்கொண்டிருந்தான்.

"நாலு பேரு எதுக்கு முசியே? ஸ்பெல்லிங்க இப்ப சாஃப்ட்வேரே பாத்துக்குது."

"மலருக்கு பிரெஞ்சு நல்லா வருமே?"

"டைப்படிக்கிற அளவுக்கு வரும், முசியே. அவ்ளோதான்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அன்று மாலையே முசியே எங்கள் நால்வரையும் அழைத்து, மாதக் கடைசியோடு கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். ஜெயந்தி அழுதாள். நான் அழவில்லை. 'டைப்படிக்கிற அளவுக்கு' என்ற சொல் மட்டும் காதில் நின்றது... இன்றும் நிற்கிறது!

அதே வாரம் பதிப்பகத்திலிருந்து ஒரு மாற்றம் வந்தது. அதுவரை பக்கங்களைக் குறுந்தகட்டில் பதிந்து கூரியரில் அனுப்பினோம். இனி நேரடியாக அவர்களுடைய சர்வருக்கே ஏற்றிவிட வேண்டுமாம். அதற்கு இணைய உலாவியோடு 'எக்ஸ்டென்ஷன்' எனும் ஒரு சிறிய நீட்சியை நிறுவவேண்டும். திறந்தால் திரை இரண்டாகப் பிரியும்: இடப்பக்கம் நம் கணினியின் கோப்புகள், வலப்பக்கம் அவர்களுடையவை. இங்கே தேர்ந்து, நடுவிலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் கோப்பு அங்கே போய்விடும். எப்படி அமைப்பது என்று பன்னிரண்டு வரியில் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். முழுக்க முழுக்கப் பிரெஞ்சில்.

குமரவேல் அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தான்.

"மலர், இதக் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன். எனக்கு ஒரு எழுத்தும் புரியல."

யோசித்துப் பாருங்கள்! எதை ஒன்றுமில்லை என்று சொல்லி என்னை வெளியே தள்ளினானோ, அதே மொழி வேண்டுமாம் அவனுக்கு... என்னிடமிருந்தே!

வாசித்தேன். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்; அவன் எழுதிக்கொண்டான். சர்வரின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். எட்டாவது வரிக்கு வந்தேன்: 'பாசிவ் மோட்' என்ற கட்டத்தில் தானாகவே விழுந்திருக்கும் டிக் குறியை எடுத்துவிடவும், எடுக்காவிட்டால் எங்கள் கோப்புப் பட்டியல் திரைக்கு வராது.

"அடுத்து?" என்றான்.

ஒன்பதாவது வரியைப் படித்தேன்.

அவ்வளவுதான். இதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நாக்கு தடுமாறவில்லை.

மூன்று நாள்கள்! கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு இணைந்துவிடும். ஆனால் வலப்பக்கம் வெறுமையாகவே இருக்கும். ஒரு நிமிடம் சுற்றிவிட்டுப் பிழைச் செய்தி வரும். நீட்சியை நீக்கி மறுபடி நிறுவினான். உலாவியையே அழித்துப் புதிதாகப் போட்டான். ஃபயர்வாலை அணைத்தான், மோடத்தைக் கழற்றி மாட்டினான். இணையத்தில் தேடியபோது எல்லோரும் ஒரே குரலில் 'பாசிவ் மோடில் டிக் இருக்கட்டும்' என்றே எழுதியிருந்தார்கள். இருக்கிறதா என்று பார்ப்பான், இருக்கும். திருப்தியோடு வேறு எதையாவது தோண்டப் போவான். பதிப்பகத்தின் சர்வர் மட்டும் வேறு மாதிரி என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் நான், நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம். முதல் நாள் சொல்லியிருக்கலாம்... இரண்டாம் நாளும்! அவன் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே மூடியதைப் பார்த்தேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பிரான்சிலிருந்து தொலைபேசி. பேசி முடித்து வெளியே வந்த முசியே எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். "ஒரு ஃபைல அனுப்பத் தெரியாதவனுக்கு சிஸ்டம் ஆளுன்னு பேரா?" குமரவேல் தலை குனிந்து நின்றான். காது மடல்கள் சிவந்திருந்தன.

நான் எழுந்தேன். "நான் ஒருவாட்டி பாக்கட்டுமா, முசியே?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அமைப்புகளைத் திறந்தேன், அந்த டிக்கை எடுத்தேன், 'இணை' என்பதை அழுத்தினேன். வலப்பக்கம் வரிசையாகக் கோப்புறைகள் வந்து நின்றன. ஜெயந்தி கைதட்டினாள்!

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார் முசியே.

"சும்மா ஒண்ணொண்ணா மாத்திப் பாத்தேன்."

"அத எடுத்தா எப்படி வரும்..." குமரவேல் திரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். "எடுக்கக் கூடாதுன்னுதான எல்லா எடத்துலயும் போட்டிருக்கான்..."

யாரும் அவனைக் கேட்கவில்லை. அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். 'ஃபைல் அனுப்பத் தெரியாதவன்' என்ற பெயர் அவனுக்கு முன்பே மற்ற அலுவலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் தொழில் இந்த ஊரில் அவ்வளவு சின்ன வட்டம். கடைசியில் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராகப் போனான் என்று கேள்விப்பட்டேன். கோப்புகளை அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது.

குற்றமா? சரி, குற்றந்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவன் வாய் திறந்ததால் நான்கு பெண்களின் வேலை போக இருந்தது. அதற்குப் பெயர் யோசனை! நான் வாய் திறக்காததால் ஒருவன் வேலை போயிற்று. அதற்கு மட்டும் பெயர் துரோகமா? உங்கள் தராசு எந்தக் கடையில் வாங்கியது?

இரண்டு வருடம் கழித்து அவனைப் பேருந்தில் பார்த்தேன். கூட்டத்தில் நகர்ந்து என் இருக்கைக்கு அருகே வந்து நின்றான். இளைத்திருந்தான். நலம் விசாரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அந்தத் தாள் என்கிட்டயே இருந்துச்சு, மலர். போன மாசம் பிரெஞ்சு தெரிஞ்ச ஒருத்தருகிட்ட படிக்கக் குடுத்தேன்."

மடியிலிருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டாவது வரி... உங்களுக்கு அது புரியலையா? டெக்னிக்கல் வார்த்த, புரியாம போயிருக்கலாம்ல?"

கேட்டீர்களா? தப்பிக்க வழியை அவனே திறந்து வைத்தான்! 'ஆமா சார், புரியல' என்று சொன்னால் போதும். அவன் மனம் ஆறியிருக்கும். நான் நிரபராதி ஆகியிருப்பேன். ஆனால் என் பிரெஞ்சு மறுபடியும் டைப்படிக்கிற அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

"நல்லாவே புரிஞ்சுது சார்," என்றேன். "அன்னிக்கி முசியே ரூம்ல நீங்க பேசினதும் நல்லா கேட்டுச்சு."

அவன் முகம் வெளுத்தது. கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அது அவன் இறங்கவேண்டிய இடந்தானா, தெரியாது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று பார்த்தாலும் கேட்கமாட்டேன்.

இங்கேயே நிறுத்திவிடத்தான் நினைத்தேன்... ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது எனக்குப் பழகிய வேலை என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள்.

கோப்புகள் போய்ச் சேர்ந்த அன்று மாலை முசியே என்னை அறைக்குள் கூப்பிட்டார். மகிழ்ச்சியில் இருந்தார். "நீ இரு மலர், உனக்கு மாசக் கடைசி கெடையாது. வேற எதனா வேணும்னா கேளு."

அன்று எதைக் கேட்டிருந்தாலும் தந்திருப்பார். ஜெயந்தி வெளியேதான் நின்றாள். அவள் கைதட்டிய ஓசைகூட இன்னும் என் காதில் இருந்தது.

நான் ஏசி அறையில் ஒரு மேசை கேட்டேன்.

ஆம்... மேசை! வேறெதுவும் என் வாயில் வரவில்லை. வரவில்லையா, நான் வரவிடவில்லையா? இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாதக் கடைசியில் ஜெயந்தி தன் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "எங்களப் பத்தி முசியேகிட்ட எதனா கேட்டியாடி?"

"கேட்டேன். அவுரு ஒத்துக்கல," என்றேன்.

அவள் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். காலை முதல் இரவு மூடும்வரை நின்றுகொண்டே வேலை. கால் நரம்புகள் சுருண்டு புடைத்துவிட்டன. போன மாதம் மூலக்குளத்தில் அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. போயிருந்தேன். என்னைத் தன் மாமியாரிடம் இழுத்துப் போனாள்.

"இதான் அத்த மலரு. எங்களுக்காவ மொதலாளிகிட்ட அவ்ளோ மன்றாடுச்சு. அந்த ஆளுதான் எறங்கி வரல."

குமரவேலிடம் நிமிர்ந்து உண்மையைச் சொன்னேனே, அந்த நாக்கு எங்கே போனது? அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "நல்லா இரும்மா" என்றார். நான் தலையாட்டினேன். பந்தியில் ஜெயந்தி என் இலைக்கு இரண்டாவது முறையும் பாயசம் ஊற்றினாள். சாப்பிட்டேன்.

கிளம்பும்போது வீங்கிய காலை இழுத்து இழுத்து வாசல்வரை வந்து, என் பிள்ளைகளுக்கு என்று ஒரு தூக்கில் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.