புளி போட்டு விளக்கிய பெட்டி

காலை 6.10. குரோம்பேட்டையில் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்தேன். மயிலாப்பூரில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் தோழி சாந்தா, "உத்திரமேரூர் பக்கம் போய் ஒரே ஒரு மரப்பெட்டி வாங்கிட்டு வந்துடு, அவங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நல்லா இருந்தா ஆர்டர் தரலாம். நாளைக்குக் காலைல பெங்களூர் கண்காட்சிக்குக் கிளம்பறேன், இன்னிக்கு ராத்திரிக்குள்ள எனக்கு மாதிரி வேணும்" என்று என் தலையில் கட்டிவிட்டாள். எனக்கும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். பேருந்து டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். அங்கே இறங்கி, இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய். பிறகு பெருநகர் போகும் கட்டணமில்லாப் பேருந்து. நடத்துநரிடம் இடத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"பொட்டி பண்ற எடமா மேடம்? நெல்லு அவிக்கற அண்டால மரத்த அவிச்சிக்கினு கீறாங்க. ஊரே வேடிக்க பாக்குது."

காலை 9.40. பெருநகருக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கினேன். பொங்கல் கழிந்த வாரம். அறுவடை முடிந்து, தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்திருந்தது. சாலையை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் ஸ்டெல்லாவும் ராணியும் வேலையில் இருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு முப்பது வயதிருக்கும். பாண்டிச்சேரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் இந்த வேலையைக் கற்றவள், கொட்டகையை ஆரம்பித்தவளும் அவள்தான். ராணி பக்கத்து வீட்டுக்காரி, நாற்பதைத் தாண்டியவள்.

அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்று ஓர் எளிய கிறித்தவக் கூட்டம் இருந்தது. அவர்கள் செய்த பெட்டி மாதிரியைத்தான் இவர்கள் செய்கிறார்கள். மலைவேம்புப் பலகையை இரண்டு மில்லிமீட்டர் பட்டையாக அறுத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து, முட்டை வடிவ அச்சைச் சுற்றி வளைக்கிறார்கள். பட்டையின் முனையை விரல்கள் போல வெட்டி, தாமிர ஆணியால் இறுக்குகிறார்கள். "மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். வெரல் வெரலா இருந்தா ஆட எடம் இருக்கும், வெடிக்காதுக்கா" என்றாள் ஸ்டெல்லா. கைப்பிடி தனி. அதை வளைத்து, அச்சில் இறுக்கி, இரண்டு நாள் காயவிட்ட பிறகே பெட்டியில் பொருத்த வேண்டும்.

எனக்காக முடித்து வைத்திருந்த பெட்டியைச் செய்தித்தாளிலிருந்து பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை மரத்தில் ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் பச்சையாக ஒரு வளையம்.

"இன்னாக்கா பண்ண இத?"

ராணியின் முகம் செத்துவிட்டது. "ஆணி மங்கலா இருந்திச்சி ஸ்டெல்லா. ஊருக்குப் போற பொருளாச்சேன்னு நேத்து சாயங்காலம் புளி போட்டு வெளக்கினேன். செம்பு வெளக்கற மாதிரிதான்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நானும் அதைத்தான் செய்கிறேன். ஸ்டெல்லா உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தாள். புளியில் கரைந்த தாமிரம் பச்சைக் கறையாக மரத்துக்குள் இறங்கியிருந்தது. இரண்டு மில்லிமீட்டர் மரத்தில் எவ்வளவுதான் தேய்ப்பது? உள்பக்கம் மடங்கிய ஆணியைப் பிடுங்கினால் பட்டை கிழிந்துவிடும்.

"திங்கக்கெழம சூளை லாரி வருது" என்றாள் ஸ்டெல்லா, என்னைப் பார்க்காமல். "இந்த ஆர்டர் கெடச்சா ரெண்டு பேரும் ஏற வேணாம்னு இருந்தோம்." போன தையிலிருந்து ஆடி வரை இருவரும் செங்கல் சூளையில் சுமந்தவர்கள்.

இன்னொரு பெட்டி இருந்தது, கைப்பிடி இல்லாமல். அதற்கான கைப்பிடியை முந்தைய நாள் காலையில்தான் அச்சில் பூட்டியிருந்தார்கள். ஈரம் போகவில்லை. அவிழ்த்தால் விரிந்துவிடும், வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நான் ஏற வேண்டிய பேருந்து 2.10க்கு.

ராணி எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் கைப்பிடியை அச்சோடு தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனாள். வெயிலில் நன்றாகக் காய்ந்து குவித்திருந்த நெல்லில் குழி தோண்டி, அச்சை உள்ளே புதைத்தாள். நெல்லுக்குக் காவலிருந்த பெரியவர் குடையோடு ஓடிவந்தார்.

"இன்னாம்மா, என் நெல்லுல இன்னாத்தப் பொதைக்கற?"

"ஒரு கைப்பிடி, நைனா. உள்ள சூடு கீது, ஈரத்த மெதுவா இழுத்துக்கும். எடுத்துட்டு நெல்ல நானே வாரி வுடறேன்."

"நல்ல பேஜாராப் போச்சி" என்றார் அவர். ஆனால் குடையை மடக்கிக்கொண்டு குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நனைந்த கைப்பேசியை நான் அரிசி டப்பாவில் போட்டுப் பிழைக்கவைத்தது நினைவுக்கு வந்தது. சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மதியம் 1.20. நெல்லை விலக்கி எடுத்தார்கள். ஸ்டெல்லா கவ்விகளைத் தளர்த்தினாள். கைப்பிடி 'டிக்' என்று ஒரு விரல் அகலம் விரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அதற்கு மேல் விரியவில்லை.

"போதும். பொட்டியே புடிச்சிக்கும்" என்று நான்கு ஆணிகளை அடித்து முடித்தாள். பிறகு மூலையில் கிடந்த இரண்டு செங்கற்களைப் பெட்டிக்குள் வைத்து, ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு சாலை வரை நடந்து திரும்பினாள். கைப்பிடி முனகக்கூட இல்லை.

"செங்கல்ல தலையில வெச்சே பழக்கம்க்கா" என்றாள். அன்று அவள் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

கறைபட்ட பெட்டியை நான் விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பான பொருள் எங்க பேர்ல வெளிய போவக்கூடாது." எத்தனையோ பெரிய கடைகளில் ஏமாந்தவள் நான், அந்தப் பேச்சுக்கே கூடக் கொஞ்சம் விலை வைக்கலாம் என்று தோன்றியது.

மாலை 6.30, மயிலாப்பூர். பெட்டி வழியெல்லாம் என் மடியிலேயே வந்திருந்தது. சாந்தா அதைத் தூக்கினாள், ஆட்டினாள், தரையில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினாள். விரல் விரலான முனையைத் தடவிக்கொண்டே, "நாற்பது வேணும்னு சொல்லிடு. அடுத்த மாசத்துக்கு" என்றாள்.

நடைபாதையில் நின்றபடியே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். சொன்னதும், "ராணிக்கா, லாரிக்கு வரலன்னு சொல்லிடலாம்!" என்று அவள் கூவியது சாலை இரைச்சலைத் தாண்டிக் கேட்டது.

"அந்தப் பச்சப் பொட்டிய இன்னா பண்ணீங்க?" என்று நானும் அவர்கள் பேச்சிலேயே கேட்டேன்.

"கொட்டாயில இருந்த புளிய எல்லாம் அதுல போட்டு, கைப்பிடில கயிறு கட்டி மேல தொங்க வுட்டுட்டோம்க்கா. ராணிக்கா கைக்கு எட்டாது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டுச் செம்பைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கினேன். விளக்கி முடித்து, மரப்பலகையில் வைக்கப்போன கையை இழுத்துக்கொண்டு, இன்னொரு முறை கழுவினேன்.