கிளெம் ஹேலோரனின் ஐந்து வீடுகள்

என் அக்கா புருஷன் கிளெம் ஹேலோரனுக்கு ஒரு வியாதி இருந்தது. இடிந்து விழப்போகிற வீட்டைப் பார்த்தால் அவருக்குக் கால் நகராது. டிராம் ஓட்டுகிறவருக்கு இப்படி ஒரு வியாதி வரலாமா? ஃபிட்ஸ்ராயில் ஒரு நிறுத்தத்தில் டிராமை நிறுத்தியவர், துருப்பிடித்துத் தொங்கிய ஒரு வராந்தாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாராம். பயணிகள் மணிக்கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோனார்கள் என்று நோரீன் அக்கா சொல்வாள். அடுத்த மாதம் அந்த வீட்டை வாங்கிவிட்டார்.

அது அறுபதுகளின் கடைசி. மெல்போர்னில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாம் ஊருக்கு வெளியே புதுச் செங்கல் வீடு பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். விக்டோரியா மகாராணி காலத்து வீடுகளை யார் சீண்டினார்கள்? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், இடுப்பளவு ஏறிய ஈரம், கொல்லையில் கழிப்பறை. எங்கள் அம்மா அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் தப்பித்து வெளியே வந்திருந்தாள். மூத்த மகள் மறுபடியும் அங்கேயே போகிறாள் என்றதும் கிளெமோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் நிறுத்தினேன். அம்மா சீக்கிரம் சமாதானமாகிவிட்டாள், எனக்குத்தான் நாளானது.

பேச்சு இல்லாவிட்டாலும், அவர்கள் குடிபோன முதல் ராத்திரி அக்காவுக்காக நானும் போனேன். வெறும் பலகைத் தரையில் காகிதத்தை விரித்து, வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். பிறகு ஐந்து வீட்டிலும் அதுவே வழக்கமானது. கிளெம் தலையை அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு மென்றார். என் பங்கு மீனையும் சேர்த்து மென்றுவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்னறையில் குளிருக்கு நெருப்பு மூட்டுகிற அடுப்பு மாடத்தை யாரோ அட்டைப் பலகை வைத்து அடைத்து, மேலே பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளெம் கடப்பாரையால் அதை நெம்பினார். பலகை விழுந்தது, புகைக்கரி கொட்டியது, உள்ளே வெள்ளைப் பளிங்கு. அவர் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நோரீ, இங்க வாயேன். இத்தனை வருஷமா இருட்டுலயே உக்காந்திருக்கா பாரு” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரிதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அக்காவின் வேலை அறைகளின் உட்கூரைகள்தான். கூரை நடுவே சாந்தில் வார்த்த பெரிய பூ இருக்கும். அதன் இதழ்களுக்குள் எத்தனையோ பேர் அடித்த பெயின்ட் அடைத்துக்கொண்டிருக்கும். ஏணியில் நின்று அண்ணாந்தபடி, கம்பளி பின்னுகிற ஊசியால் ஒவ்வொரு இதழாகக் குடைந்து எடுப்பாள். அதில் வந்த கழுத்து வலி கடைசிவரை போகவில்லை. வராந்தாவில் லேஸ் துணி மாதிரி வார்த்துத் தொங்கவிட்ட இரும்பு லேஸைச் சுரண்டுவது, மேலும் கீழும் ஏறி இறங்குகிற ஜன்னல்களுக்குக் கயிறு மாற்றுவது எல்லாம் கிளெம். அவர்களுடைய பையன்கள் இருவருக்கும் தலையில் எப்போதும் சுண்ணாம்பு.

வீட்டு வேலை முடிந்து கடைசி கதவுக்குப் பெயின்ட் காய்ந்ததோ இல்லையோ, விற்பனைப் பலகை வாசலில் ஏறிவிடும். குடியிருக்கிற வீட்டை விற்றால் வரியில் சலுகை, வருகிற லாபத்தில் இதைவிடப் பெரிய பாழடைந்த வீடு. அதுதான் கணக்கு. ஃபிட்ஸ்ராய், கார்ல்டன், ரிச்மண்ட், பிரன்ஸ்விக் என்று பேட்டை பேட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சத்தியம் செய்வார். செய்யும்போது உண்மையாகவே நம்பித்தான் செய்தார். அதுதான் எனக்கு எரிச்சல்.

அக்கா ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு எலுமிச்சைக் கன்று நட்டாள். கன்று வேர் பிடித்துக் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். அதற்குள் பலகை ஏறிவிடும். ஃபிட்ஸ்ராய் வீட்டை வாங்கிய பல் டாக்டரின் மனைவி, மரம் காய்த்துத் தள்ளுகிறது என்று வழியில் பார்த்துச் சொன்னாள். அக்கா சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம், “நான் நட்டதையெல்லாம் ஊர்க்காரன் மீன்ல பிழிஞ்சுக்கிறான் ரீட்டா” என்றாள். பெரிய தொட்டி வாங்கித் தருகிறேன், போகிற இடத்துக்கெல்லாம் மரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் கிளெம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். “தொட்டியில வெச்சா நானும் ஈஸியாக் கெளம்பிடுவேன்னு நெனச்சுப்ப. ஒரு மரத்துலயாவது நான் பழம் பறிக்கணும், கிளெம்.” பறிப்ப, பறிப்ப என்றார் அவர்.

ஐந்தாவது வீடு நார்த்கோட்டில். அதில் வேலை இழுத்தது, கூரையில் புறா, தரையில் பூச்சி. அந்த இழுபறியில் எலுமிச்சை வளர்ந்துவிட்டது. அந்த வருஷம் முதல்முறையாகக் காய் பிடித்தது. கரும்பச்சையில், கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக. அந்தச் சமயம் பார்த்துக் கிளெம் ஆஸ்காட் வேலில் கோபுரம் வைத்த ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். பழுத்த பிறகு விற்கக்கூடாதா என்று நான் கேட்டேன். கோபுரம் அதுவரை காத்திருக்காது என்றார். அக்கா எழுந்து கொல்லைக்குப் போய்க் காய்களை எண்ணிக்கொண்டு நின்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

சனிக்கிழமை ஏலம். எங்கள் ஊரில் ஏலம் என்றால் தெருவே வந்து நிற்கும், வாங்குகிறவன் நாலு பேர், வேடிக்கைக்கு நாற்பது பேர். ஏலக்காரர் நடைபாதையில் நின்று வீட்டின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனார். பளிங்கு மாடம், இரும்பு லேஸ், சாந்துப் பூ. “பின்னால காய்க்கிற எலுமிச்சை மரமும் இருக்கு” என்று முடித்தார். என் பக்கத்தில் நின்ற அக்கா மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

ஒரு இளம் ஜோடிதான் கடைசிவரை நின்றது. தொண்ணூறாயிரம் டாலர். “ஒரு தரம்... ரெண்டு தரம்...”

அக்கா கையைத் தூக்கினாள். “ஒரு லட்சம்.”

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஏலக்காரர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். சொந்த வீட்டை ஏலம் கேட்கிற பெண்பிள்ளையை அவர் எங்கே பார்த்திருப்பார்? என்ன செய்வது என்று வராந்தாவில் நின்ற கிளெமைப் பார்த்தார். கிளெம் அக்காவைப் பார்த்தார். அவள் தூக்கிய கையை இறக்கவில்லை, கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கிளெமுக்கு முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றினார்.

“அந்தம்மாவோட போட்டி போட முடியாதுப்பா. வித்தாச்சுன்னு சொல்லிடு” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். ஏலக்காரர் கோபமாகப் போனார், அந்த இளம் ஜோடிக்கு அக்கா தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினாள். கோபுர வீட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் அக்கா முதல் பழத்தைப் பறித்து, வறுத்த மீனில் பிழிந்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

அன்றிலிருந்து கிளெம் தன்னைக் குடித்தனக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார். குழாய் ஒழுகினால்கூட ஓனரம்மாவிடம் சொல்லுங்கள் என்பார். இருபத்தாறு வருஷம் அதே ஜோக். எனக்கு அலுத்துவிட்டது, அக்காவுக்கு அலுக்கவே இல்லை.

அக்காவை அடக்கம் செய்த அடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை நான் அங்கே சமையலறையில் இருந்தேன். சூட் போட்ட புரோக்கர் பையன் ஒருவன் கதவைத் தட்டி, இந்தத் தெருவில் வீடுகளுக்கு இப்போது என்ன விலை போகிறது தெரியுமா, விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டான். கிளெம் அவனைப் பொறுமையாகப் பேசவிட்டார். பிறகு கொல்லைக்குப் போய்ப் பை நிறைய எலுமிச்சை பறித்துவந்து அவன் கையில் கொடுத்தார்.

“நான் சும்மா குடியிருக்கிறவன் தம்பி. ஓனரம்மா வெளிய போயிருக்காங்க” என்றார். “அவங்க வந்ததும் கேட்டுச் சொல்றேன்.”