சந்து விடாத வேலை

குளிர்பதனக் கிடங்குகளின் சுவரிலும் கூரையிலும் கண்ணாடிப் பஞ்சு அடைப்பது என் தொழில். சந்து விட்டால் குளிர் ஓடிவிடும் என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். அதையே கும்மிடிப்பூண்டியில் இருந்த என் தங்கை வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

ஷீட் போட்ட வீடு. மச்சானுக்கு இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட், பகலில்தான் தூங்குவார். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஆலைக் கரி நுழைந்து அவர் முகத்திலேயே படியும்.

"தூங்க முடியாம பேஜாரா கீறாருண்ணா. அந்தச் சந்த அடச்சிக் குடு" என்றாள் தங்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரமெல்லாம் பஞ்சைத் திணித்தேன். விரல்கூட நுழையாது. மச்சான் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

கரி நின்றது. ஆனால் ஷீட்டின் சூடு வெளியேற வழியில்லை. சித்திரை வெயிலில், கரிக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். வேலை முடிந்து வந்த தங்கை எஸ்.டி.டி. பூத்திலிருந்து என்னை அழைத்தாள்.

"அண்ணா, அவரு எய்ந்திருக்க மாட்றாரு."

உடம்பில் சூடு ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

காரியம் முடிந்த மறுநாள் ஏணி போட்டு ஏறி, அத்தனை பஞ்சையும் பிடுங்கினேன். கடைசிப் பிடி வெளியே வந்ததும் காற்று நுழைந்தது. மச்சான் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு ஆடியது. அது அணையாமலிருக்க இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டே தங்கை சொன்னாள்:

"இப்ப நல்லா காத்து வருதுண்ணா."

கிடங்குகளில் இன்றும் சந்து விடாமல்தான் அடைக்கிறேன். வீட்டு வேலைக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் போவதில்லை.