வயிற்றெரிச்சலும் பிடியரிசியும்

என் தாலிக்கொடி யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிப் பெட்டகத்துக்குள் அடகில் கிடந்தது. என் மனுசனுக்கு அது தெரியாது. வைகாசி முடிவதற்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும் என்று தை மாதம் கடிதம் வந்தது. ஏற்கெனவே ஒருமுறை வட்டி கட்டித் தவணையை நீட்டிவிட்டேன். இனி நீட்ட வழியில்லை. கடிதத்தைக் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்கு வருகிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியும். இறுப்பிட்டி ஜெயா, பஸ் கொண்டக்டரின் பெண்சாதி. அம்மன் எனக்குச் செய்ததை பூசி மெழுகாமல் சொல்லப்போகிறேன். வெட்கக்கேடான பகுதியையும் சேர்த்துத்தான்.

கொடி ஏன் அடகுக்குப் போனது? வீட்டில் யாருக்காவது வருத்தம், ஆஸ்பத்திரிச் செலவா? இல்லை. பிள்ளைகளின் படிப்பா? அதுவும் இல்லை. பொறாமை. வெறும் பொறாமை.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் என் மனுசனின் தமையன் வீடு. தமையன் ஒன்பது வருடமாகப் பிரான்சில். வீட்டில் அவருடைய பெண்சாதி தவமலர் அக்காவும் ஒரு மகளும். நான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அந்த வேலியால் எட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அங்கே கூரைக்கு ஓடு மாற்றினால் எனக்கு நித்திரை வராது. அங்கே புதுக் கதிரை இறங்கினால் என் வீட்டுக் கதிரையில் இருக்க எனக்குக் குத்தும். அக்கா ஒருநாளும் என்னோடு கடுமையாகப் பேசியதில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஒருமுறையாவது சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்!

கோயிலில் ஏழாம் திருவிழா எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான உபயம். மாமனார் காலத்திலிருந்து செலவைப் பாதிபாதியாகப் போட்டு வந்தோம். போன வருடத்துக்கு முந்தின வருடம், இந்த முறை இரண்டு கூட்டம் மேளம் பிடிப்போம், சாத்துப்படியையும் பெரிதாகச் செய்வோம் என்று பேச்சு வந்தது. தமையன் போனில் என் மனுசனிடம், "நீ சம்பளக்காரன். உன்னாலை ஏலுமானதைப் போடு. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். நல்ல மனதோடு சொன்ன சொல். எனக்கோ நடு வீதியில் வைத்துக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

"எங்கடை பாதியை நாங்கள் போடுவம். ஒருத்தரும் எங்களுக்குப் பிச்சை போடத் தேவையில்லை" என்று மனுசனுக்குச் சொன்னேன்.

"ஏதப்பா காசு?"

"சீட்டுக் கட்டினனான். கிடக்கு."

பச்சைப் பொய். அடுத்த நாளே கொடியை அடகு வைத்தேன். எங்கள் ஊரில் பலரையும்போல நானும் கொடியை அலுமாரிக்குள் பூட்டிவைத்துவிட்டு மெல்லிய சங்கிலிதான் போடுவேன். அதனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் திருவிழா வந்ததும் மாட்டிக்கொண்டேன். கொடி எங்கே என்று கேட்டவர்களிடம் கள்ளர் பயம் என்று சொல்லிச் சமாளித்தேன். யாருக்குக் காட்டவென்று அவ்வளவு காசைக் கொட்டினேனோ, அந்த அக்கா கொடி மின்ன மின்ன நின்றார். நான் நூல்போலச் சங்கிலியோடு நின்றேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போன ஐப்பசியில் அக்கா வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஒன்று இறங்கியது. ஒரு கிழமைக்குள் நானும் தவணைக்கு ஒன்று எடுத்தேன். எங்கள் கிணறு உவர். உவர்த்தண்ணி விட்டால் மெஷின் துருப்பிடித்துப் போகும் என்று கொண்டுவந்த பெடியங்கள் சொன்னார்கள். சரியென்று, பவுசர் லொறியில் குடிக்க வருகிற நல்லதண்ணியை விட்டுத் தோய்த்தேன். குடிதண்ணியைக் காசுக்கு வாங்கி அதில் மனுசனின் காற்சட்டையைத் தோய்த்தவள் இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாத முடிவில் சம்பளம் எங்கே போனதென்றே தெரியாது. மெஷினுக்கு ஒரு பங்கு, கொடியின் வட்டிக்கு ஒரு பங்கு, தண்ணிக்கு ஒரு பங்கு. இருபதாம் தேதிக்குப் பிறகு கடையில் கடன் சொல்லித்தான் பருப்பு வாங்குவேன்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அம்மன் வாசலில் நின்று நான் கும்பிட்டது இதுதான்: "அம்மா, அவவுக்கு வாற காசு நிக்கவேணும். அவவும் என்னைப்போலக் கஷ்டப்பட வேணும்." கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு சொன்னேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

அதன்பிறகுதான் தையில் அந்தக் கடிதம் வந்தது. எனக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய் வள்ளம் ஏறி, நயினாதீவு அம்மனிடம் போனேன்.  "கொடி வேணும் அம்மா. எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. நீதான் பாக்கவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதேன்.

திரும்புகிற வள்ளத்தில் ஏறிப் பார்த்தால், எனக்குப் பக்கத்தில் தவமலர் அக்கா! கடவுளே, இங்கேயுமா என்று இருந்தது. சும்மா இருக்க என் வாய் விடுமா?

"உங்களுக்கென்ன அக்கா, மாதம் பிறந்தால் காசு. நிம்மதியாக் கும்பிடலாம்" என்றேன்.

 அக்கா கடலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "காசு வாறது நிண்டு ஆறு மாதம், ஜெயா. அவர் வேலை செய்த கடையைப் பூட்டிப்போட்டினம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

 விரல் மடித்துக் கணக்குப் பார்த்தேன். நான் கும்பிட்டது மார்கழியில். காசு நின்றது ஆடியில். என் கும்பிடால் நிற்கவில்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது. ஆனால் நான் கேட்டது கேட்டதுதானே? அது ஒரு கல்லாக என் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்தது.

"அப்ப எப்பிடிச் சமாளிக்கிறியள்? மெஷினெல்லாம் எடுத்தனீங்கள்?"

"ஐயோ, அது என்ரை தங்கச்சியின்ரை. அவையின்ரை வீடு திருத்தி முடியுமட்டும் வைக்கக் குடுத்தது. சீலை போட்டு மூடிக் கிடக்கு." பிறகு அக்கா கேட்டார்: "நீர் கோயிலுக்குப் பிடியரிசி போடுறனீர்தானே?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"சோறு காச்சி மிஞ்சினால்தான் போடுறனீரோ?"

"இதென்ன கதை? உலையிலை போட முதல் ஒரு பிடி எடுத்து முட்டிக்குள்ளை போட்டிடுவன்."

"காசையும் நான் அப்பிடித்தான். வாற அண்டைக்கே ஒரு பிடி அங்காலை. பிறகுதான் செலவு. காசு வந்த காலத்திலை அப்பிடி எடுத்து வைச்சதுதான் இப்ப எங்களுக்குச் சோறு."

சகோதரிகளே, நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள் தவறாமல் பிடியரிசி போடுகிறவள். அம்மனின் அன்னதானத்துக்கு முதற்பிடி எடுக்கத் தெரிந்த எனக்கு, சம்பளக் காசில் மட்டும் கடைசியில் மிஞ்சுகிறதா என்று தேடத்தான் தெரிந்திருந்தது. மிஞ்சாது. ஒருநாளும் மிஞ்சியதில்லை.

இந்த இடத்தில் என் மனம் திருந்தியது என்று எழுதினால் அது பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு வந்தாலும் இவதான் மேலே, நின்றாலும் இவதான் மேலேயோ? அவ ஒரு பிடி என்றால் நான் இரண்டு பிடி எடுத்துக் காட்டுகிறேன் பார் என்று அந்த வள்ளத்திலேயே நினைத்துக்கொண்டேன். பக்தி இல்லை, போட்டிதான். அம்மன் அதையும் பிடித்துக்கொண்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், கடைக்குப் போகமுன் பத்தில் இரண்டு பங்கை எடுத்துத் தபால்கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்தில் போட்டேன். முதல் மாதம் வீட்டில் பெரிய இழுபறி. சாமான் வாங்கப் போகுமுன் குசினியில் என்ன கிடக்கிறதென்று பார்த்துத் துண்டில் எழுதினேன். மூன்று பைக்கற் பயறு பின்னால் கிடந்து புழுத்துப் போயிருந்தது! பால்மாவை நிறுத்தி எங்கள் ஆட்டுப்பாலில் தேத்தண்ணி போட்டேன். பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள், இரண்டு கிழமையில் பழகிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நல்லதண்ணிக் கிணறு உள்ள ஒரு வீட்டுக்கு மெஷினை விற்று, தவணையை முடித்து, மிச்சத்தைப் புத்தகத்தில் போட்டேன். பனங்கிழங்கு அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் விற்றேன். இரண்டு கிடாயையும் விற்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவும் கிழங்கு காயப்போட்டால், அவருடைய பாயில் எத்தனை என்று எண்ணிவிட்டு என் பாயில் கூடப் போடுவேன்.

மாசியில் மனுசனிடம் உண்மையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார்.  மூன்றாம் நாள் சட்டையைப் போட்டுக்கொண்டே, "என்னட்டைச் சொல்லியிருந்தால் ஒரு மேளத்தோடை முடிச்சிருப்பம்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு லீவு நாட்களிலும் வேலைக்குப் போய் அந்தக் காசை என் கையில் தந்தார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வைகாசியில் இன்னும் நாலு நாள்தான் இருந்தது. இன்னும் முப்பத்தையாயிரம் ரூபாய் குறைந்தது. என் கூடப்பிறந்த தமையனிடம் கேட்டேன், கைவிரித்தார். கூட்டாளிமாரிடம் கேட்டேன், அவர்களுக்கும் கஷ்டம். எங்கள் அம்மன் வாசலில் போய் நின்று, "ஆரிட்டையும் கேக்கிறன் அம்மா. அவவிட்டை மட்டும் கேக்க வையாதை" என்று மன்றாடினேன். கண்ணை மூடினால் அக்காவின் முகம்தான் வந்தது. திரும்பத் திரும்ப அதே முகம். அம்மனோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் அந்தப் பக்கம் போனேன்.

அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். காசு கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது.

"உங்களுக்கு வாற காசு நிக்கவேணுமெண்டு நான் கும்பிட்டனான் அக்கா. மார்கழியிலை. கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டனான்."

துருவுகிற கை நின்றது. நான் அழுதுகொண்டே கொடியின் கதை முழுவதையும் கொட்டினேன். போ வெளியே என்று சொல்லுவார் என்று நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நானும் கும்பிட்டனான், ஜெயா" என்றார்.

"என்னெண்டு?"

"உம்மடை மனுசனுக்கு இடமாற்றம் வரவேணுமெண்டு. வவுனியாவோ எங்கையோ தூரத்துக்கு." அக்கா தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். "பின்னேரம் அவரின்ரை பஸ் ஒழுங்கை வாசல்லை ரெண்டுதரம் ஹோர்ன் அடிக்கும். நீர் உடனை கேத்திலை அடுப்பிலை வைப்பீர். மூடிச் சத்தம்கூட எனக்கு இஞ்சை கேக்கும். ஒன்பது வருசமா எனக்கு ஒருத்தரும் அப்பிடி வந்ததில்லை. அந்தச் சத்தம் கேக்க ஏலாமல் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறன்."

 நான் வேலியால் எட்டிப் பார்த்த அத்தனை வருடமும் அவரும் இந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நிலத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். பிறகு அக்கா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். முப்பத்தையாயிரத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவசரமில்லை, ஆறுதலாகத் தந்தால் போதும் என்றார்.

அடுத்த நாள் வங்கிக்கு என்னோடு அக்காவும் வந்தார். கொடியைக் கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். திரும்பும்போது என் மனுசனின் பஸ்ஸில்தான் வந்தோம். வீட்டுக்குப் போனதும் அவர் கையாலேயே கொடியை என் கழுத்தில் போட்டுவிட்டார். இந்த ஆனியில் ஏழாம் திருவிழாவை ஒரு மேளத்தோடு, இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்தோம். என் கொடியை மறந்து அம்மனைப் பார்க்க எனக்கு அன்றுதான் முடிந்தது. அக்காவின் காசைப் புரட்டாதியில் கொடுத்து முடித்தேன். பிரான்சில் அக்காவின் மனுசனுக்கும் வேறு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் வந்த அன்றே முதற்பிடி எடுப்பது இப்போது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் பழக்கம்.

சகோதரிகளே, அம்மனிடம் நல்லவள்போல நடிக்கத் தேவையில்லை. நான் அவளிடம் கெட்ட வாயோடு போனேன். கேட்கக்கூடாததைக் கேட்டேன். அவள் என்னைத் துரத்தவில்லை. எதைத் தரக்கூடாதோ அதைத் தராமல், யாரிடம் போகமாட்டேன் என்று நின்றேனோ அவரிடமே என்னைக் கொண்டுபோய் விட்டாள். உங்கள் வீட்டிலும் ஏதாவது கடிதம் போத்தலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், உங்கள் வேலிக்கு அந்தப் பக்கமும் ஒருவர் இருந்தால், அதை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். அவள் பார்த்துக்கொள்வாள்.

கொடி வந்த அந்தக் கிழமையே மனுசனிடம், இனி ஒழுங்கை வாசலில் ஹோர்ன் அடிக்க வேண்டாமென்று டிரைவருக்குச் சொல்லச் சொன்னேன். இரண்டு நாள் பஸ் சத்தமில்லாமல் போனது. மூன்றாம் நாள் பின்னேரம் அக்கா வேலிப் பொட்டில் வந்து நின்றார்.

"ஏனடியப்பா ஹோர்னை நிப்பாட்டினீர்? அடிக்கச் சொல்லும். நானும் இப்ப அந்தச் சத்தத்துக்குத்தான் தேத்தண்ணி வைக்கிறனான். ரெண்டு நாளா நேரம் தெரியாமல் உங்களுக்கும் சேத்து வைச்சது ஆறிப் போச்சு."