எனக்கு முந்திப் போன முழங்கால்

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மூணாம் நாள்லேர்ந்து, மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில் என் வலது முழங்கால் மேல ஒரு கை வந்து உட்காரும். அழுத்தாது, பிசையாது, சும்மா இருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தா ஒண்ணும் கிடையாது. வீங்கிப்போன முட்டியும் நடுவுல தையல் போட்ட கோடும்தான். அந்நேரத்துக்கு எங்க செவ்வாய்ப்பேட்டைச் சந்துல மூட்டை இறக்குற சத்தம்கூட அடங்கிப் போயிருக்கும். எங்க வீட்டுக்காரர் பருப்பு மண்டியில இருப்பார், வீட்டுல நான் ஒருத்திதான். நான் ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்லை. இருந்தாலும் அந்தக் கை வந்து, கால் மணி நேரம் இருந்துட்டு, தானா எழுந்து போற வரைக்கும் அசையாமப் படுத்திருப்பேன்.

டாக்டர்கிட்ட சொன்னேன். தோலுக்குப் போற சின்ன நரம்பெல்லாம் வெட்டுப்படும்மா, கொஞ்ச நாளைக்கு என்னென்னவோ தோணும்னார். சரி, தோணட்டும். ஆனா அது எப்படி டாக்டர் கடிகாரம் பார்த்துத் தோணும்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டார்.

முட்டி மாத்தினவங்க எல்லாரும் வலியைப் பத்தித்தான் சொல்வாங்க. வலி பரவாயில்லை, வலிச்சா அது நம்ம கால்னாவது தெரியும். எனக்கு முட்டியோட வெளிப்பக்கம் மரத்துப்போய், தொட்டா பக்கத்து வீட்டுக்காரி காலைத் தொடுற மாதிரி இருந்துச்சு. உள்ளே மட்டும் சூடு. நடந்தா 'டக்'குனு ஒரு சத்தம், உள்ளே யாரோ தாழ்ப்பாள் போடுற சத்தம். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போய் வர்றதுக்குள்ள நாலு டக். "வாயை மூடு"ன்னு அதை அதட்டியிருக்கேன். அறுபத்திரண்டு வயசுல முட்டியோட சண்டை போட்ட பொம்பளை நான்தான்.

எக்சர்சைஸ் சொல்லித் தர ஒரு பொண்ணு வரும். நாமக்கல் பக்கம். ஆஸ்பத்திரியில வேலை, சாயந்திரம் எங்க வீட்டுக்கு. பேச்சு வெல்லம், பிடி இரும்பு. "ஏனுங்கம்மா, மூச்சை அடக்காதீங்க. விடுங்க சாமி, விடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே என் குதிகாலைப் பின்னால தள்ளும். நான் போடுற கூச்சல் சந்து முனை வரைக்கும் கேட்கும். அப்புறம் ரெண்டு கை வச்ச ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை முட்டி மேல வச்சு அளக்கும். அம்பத்தஞ்சு. அறுபத்தெட்டு. எழுபத்தெட்டு. எழுபத்தெட்டுலேயே ஒரு வாரம் நின்னுபோச்சு.

"ஆறு வாரத்துக்குள்ள தொண்ணூறு டிகிரி மடங்கோணுமுங்க"ன்னு அது சொன்னது. "இல்லீன்னா மறுபடியும் மயக்கம் குடுத்து, நீங்க தூங்கறப்ப டாக்டரே மடக்கி உடுவாருங்க. உள்ள ஒட்டிக்கிட்டது பிரிஞ்சு போயிரும். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

பயப்படறதுக்கு ஒண்ணுமில்லையாம்! முதல் மயக்கத்துல எனக்கு என்ன ஆச்சுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. வார்டுல பாதி முழிப்பு வந்தப்ப, மருந்து வாசனை வரலை, மண் வாசனை வந்துச்சு. புதுசா வெட்டின ஈர மண். மூக்குக்குள்ள, தொண்டைக்குள்ள. பக்கத்துல இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, "மழையா?"ன்னு கேட்டேன். வெளியே கொளுத்துற வெயில். எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். மத்தியான லுஹர் தொழுகைக்குப் போயிருக்கார்னு சொன்னாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார், நக அழுக்கு மட்டும் போகலை. நான் அப்ப அதைக் கேட்கலை, கேட்கத் தோணலை. ஆனா இன்னொரு மயக்கத்துக்கு நான் போக மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

நாலாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்க ஜனத்தை அடக்கம் பண்ற கபரஸ்தான் காவல்காரரோட சம்சாரம் வந்துச்சு. வெள்ளிக்கிழமைன்னா அதுக்கு ஒரு தூக்குல சோறும் கறியும் குடுக்கறது எங்க வழக்கம். காலைப் பார்த்துட்டு உச்சுக்கொட்டிச்சு. அப்புறம் தூக்கை மூடிக்கிட்டே, வெண்டைக்காய் விலை சொல்ற குரல்ல சொல்லிச்சு:

"உங்க கபுரு மேல நட்ட மருதாணி துளிர் விட்டிருச்சும்மா. நல்லா வேர் பிடிச்சிருக்கு."

"யாரு கபுரு?"

"உங்களோடதுதாம்மா."

அது முகத்துல விளையாட்டு இல்லை. எனக்குக் காதுக்குள்ள 'ங்'ன்னு ஒரு சத்தம். சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். நான் செத்துப்போய், இந்த வீட்டுல வெறும் ஞாபகமாத்தான் நடமாடிக்கிட்டு இருக்கேனோன்னு ஒரு நிமிஷம் நிஜமாவே தோணிச்சு. அல்லா மேல ஆணையா, தோணிச்சு.

சாயந்திரம் மண்டியிலேர்ந்து வந்த மனுசனுக்கு டீ குடுக்கலை. உட்கார வச்சுக் கேட்டேன். முதல்ல மழுப்பினார். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னார்.

எங்க ஜனத்துல உடம்புலேர்ந்து வெட்டி எடுத்தது எதுவா இருந்தாலும் குப்பைக்குப் போக விட மாட்டோம், மண்ணுக்குள்ள வைப்போம். அதனால என் முட்டியிலேர்ந்து அறுத்தெடுத்த எலும்புத் துண்டுகளை ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்து வாங்கியிருக்கார். அது வரைக்கும் சரி. ஆனா காவல்காரருக்குப் போன் பண்ணி, எலும்புன்னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு, "என் வீட்டம்மாவோட அடக்கம், லுஹருக்கு அப்புறம் வர்றேன்"னு மட்டும் சொல்லியிருக்கார். அந்த மனுசன் வேற என்ன நினைப்பார்? அழுதுக்கிட்டே ஆள் நீளத்துக்கு, ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி முடிச்சு நிக்கறார். இவர் போய் இறங்கறார், ஒரு டப்பாவோட.

"மூடிடச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். வெட்டின கபுரை வெறுமனே மூடக்கூடாது பாய், அது ஆள் கேட்கும்னுட்டார்."

அப்படி ஒரு பேச்சு எங்க பக்கத்துல உண்டு. மார்க்கக் கிதாபுல இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா யாரும் மீற மாட்டாங்க. அதனால ரெண்டு பேரும் சேர்ந்து, அந்தத் துண்டுகளை வெள்ளைத் துணியில சுத்தி, ஆறடிக் குழிக்குள்ள வச்சிருக்காங்க. எங்கே வச்சீங்கன்னு கேட்டேன். தலை வடக்கே, கால் தெற்கேன்னு கணக்குப் பண்ணி, என் உயரத்துக்கு என் முழங்கால் எங்கே வருமோ, அங்கே வச்சாராம்.

"பாக்கி இடம்?"

"மண்ணைப் போட்டு மூடிட்டோம்."

நான் திட்டினேன் பாருங்க. பொழைக்கத் தெரிஞ்ச ஆம்பளை எலும்புன்னு சொல்லத் தெரியாம பொண்டாட்டிக்கு உசுரோட குழி வெட்டிட்டு வந்திருக்கீங்களேன்னு கத்தினேன். திட்டி முடிச்சப்புறம் தனியா உட்கார்ந்து அழுதேன். மண் வாசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அங்கே எனக்கு அளவெடுத்த இடம் ஒண்ணு இருக்கு. முட்டி மட்டும் போய்ச் சேர்ந்திருக்கு, மீதிக்கு அது காத்துக்கிட்டு இருக்கு. இந்த லட்சணத்துல இன்னொரு தடவை என்னை மயக்கம் போட்டுப் படுக்க வச்சா, நான் எந்தப் பக்கமா முழிப்பேன்?

பயம் வந்ததும் முட்டி இன்னும் இறுகிடுச்சு. எழுபத்தெட்டு எழுபத்தி நாலாச்சு. அந்தப் பொண்ணு ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வச்சுப் பார்த்தது. மத்தியானத்துல அந்தக் கை தவறாம வந்துச்சு. முன்னெல்லாம் யாரோட கைன்னு யோசிப்பேன், இப்ப அது எதுக்கு வருதுன்னு யோசிச்சேன். அந்தக் குழிப் பக்கம் எத்தனை தூரம் வந்திருக்கேன்னு அளந்து பார்க்கத்தான் வருதுன்னு நினைச்சேன்.

ரெண்டு வாரம்தான் பாக்கி. கட்டில்ல உட்கார்ந்து துப்பட்டாவைப் பாதத்துல மாட்டி, ரெண்டு கையாலயும் குதிகாலை என் பக்கம் இழுப்பேன். காலையில அம்பது, மத்தியானம் அம்பது, சாயந்திரம் அம்பது. இழுக்க இழுக்க உள்ளே ஏதோ நார் நாராப் பிரியும். வலியில கண்ணுல பூச்சி பறக்கும். ஐஸ் கட்டியைத் துண்டுல சுத்தி வச்சுக்கிட்டு மறுபடி இழுப்பேன். "அம்மா, இத்தனை ரோசம் ஆகாதுங்க"ன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சு. ரோசமில்லை கண்ணு, பயம். பயம் மாதிரி ஒரு வாத்தியார் கிடையாது. எண்பது வந்துச்சு. எண்பத்தி நாலு வந்துச்சு. அங்கே நின்னுபோச்சு.

அளக்கற நாள் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் வரலை. "நான் வந்தா டாக்டர் முன்னாடியே அழுதுருவேன், நீ போயிட்டு வா"ன்னுட்டார். வீரப் பரம்பரை! வழக்கமா வர்ற ஆட்டோவுல, கைத்தடியோட நான் மட்டும் போனேன். ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிச்சு. டாக்டர் மடக்கினார். நான் மூச்சை விட்டேன், யா அல்லான்னு வாய்விட்டுக் கத்தினேன். உள்ளே ஒரு பெரிய 'டக்'.

"தொண்ணூத்திரண்டு. மயக்கமெல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் போங்க"ன்னார் டாக்டர். அந்தப் பொண்ணு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. நான் குழந்தை மாதிரி அழுதேன்.

ஆட்டோவுல ஏறி அவருக்குப் போன் பண்ணினேன், எடுக்கலை. மண்டிக்குப் பண்ணினா, "பாய் தினமும் லுஹர் முடிச்சுட்டுக் கபரஸ்தான் போயிட்டு வந்துதானே இங்கே சாப்பிடுவார்"னாங்க. தினமுமா? எனக்குத் தெரியாதே! வண்டியை அங்கே விடச் சொன்னேன். எங்க பொம்பளைங்க உள்ளே போறதில்லை, வாசலோட நின்னேன். ஒரு சருகுகூட அசையலை. வாசலை ஒட்டி ரெண்டாவது வரிசையில ஒரு மேடு, சரியா என் நீளத்துக்கு. மருதாணி ஒரு முழம் வளர்ந்து நிக்குது. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அவர் தரையில உட்கார்ந்திருந்தார். அவரோட வலது கை மேட்டு மேல, நடுவுக்குத் தெற்கே, முழங்கால் வர்ற இடத்துல இருந்துச்சு.

என் முட்டி மேல அந்தக் கை வந்து உட்கார்ந்துச்சு. மணி ஒன்றரை.

அவர் பேசிக்கிட்டு இருந்தார். அந்த அமைதியில ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு. "எலும்பை வச்சுக்க. ஆளைக் கேட்காதே. இன்னிக்கு அவளுக்குத் தொண்ணூறு வரணும். வந்துடுச்சுன்னா இந்த இடத்துக்கு நான் வந்துர்றேன். தினமும் சொல்றேன்ல, பேச்சு மாற மாட்டேன். அவளை விட்டுரு."

அல்லாகிட்ட கேட்க வேண்டியதை மண்ணுகிட்ட கேட்கறார். மண்டியில பேரம் பேசிப் பேசி வந்த பழக்கம்! எனக்கு உள்ளங்கால்லேர்ந்து ஜில்லுன்னு ஏறிச்சு. என்னமா ஒரு கோவம் வந்துச்சு தெரியுமா? யாரைக் கேட்டு இவர் தன்னைத் தூக்கிக் குடுத்தார்? நாப்பது வருஷமா நான் சோறாக்கிப் போட்ட உடம்பு அது.

கைத்தடி சத்தம் கேட்டுத் திரும்பினார். எழுந்து ஓடி வந்தார், கையெல்லாம் மண்ணு.

"எவ்வளவு? தொண்ணூறு வந்துச்சா?"

நான் அவரைப் பார்க்கலை. அவர் தோளுக்கு மேல அந்த மேட்டைப் பார்த்தேன். அங்கே கேட்கற மாதிரி சத்தமாச் சொன்னேன்.

"எண்பத்தஞ்சு. தொண்ணூறு வரலை. இதுவே போதும், மயக்கம் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

அவர் முகம் வாடி, அடுத்த நொடியே மலர்ந்துச்சு. மயக்கம் இல்லைங்கறதே போதும் அவருக்கு. நான் காலை நீட்டியபடியே, விறைப்பா இழுத்து இழுத்து நடந்து ஆட்டோவுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில டக்குனு மடக்கி ஏறினதைப் பார்த்திருந்த டிரைவர், கண்ணாடியில என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்ல மனுசன், ஒண்ணும் கேட்கலை.

மறுநாள்லேர்ந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துரணும், எனக்கு உடம்பு சரியில்லைன்னு கட்டளை போட்டேன். வர்றார். ஒன்றரை மணிக்கு என் எதிர்ல உட்கார்ந்து ரசம் ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார், ரெண்டு கையும் என் கண்ணு முன்னாடி இருக்கு. அந்தக் கை என் முட்டி மேல இப்பவும் வருது. நான் அசையறதில்லை, அவர்கிட்ட சொல்றதும் இல்லை.

இந்த ஒரு வருஷத்துல கால் நல்லாயிடுச்சு. அவர் மண்டிக்குப் போனதும் மடக்கிப் பார்ப்பேன், நூத்திப் பத்து வருது. பொய் சொல்றது பாவம்தான், எதுக்குச் சொல்றேன்னு அல்லாவுக்குத் தெரியும். வாரம் ஒரு தடவையாவது, "இப்பவாவது தொண்ணூறு வந்துச்சா?"ன்னு கேட்கறார். இல்லைங்க, அதே எண்பத்தஞ்சுதான்னு சொல்றேன். சாயந்திரம் சந்துல அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் காலை நீட்டி வச்சுக்கறேன்.