கைச்சூடு

காலை ஆறு இருபதுக்கு, குறைமாதக் குழந்தைகள் வார்டின் கண்ணாடிக்கு அப்பால் நான் முதலில் பார்த்தது, ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையைப் பொத்திப் பிடித்திருந்த இரண்டு கைகளை. ஒல்லியான தாதி, நரை கலந்த தலை, நீலக் கம்பளிச் சட்டை. தேநீரை அவர் குடிக்கவில்லை. கைகளுக்குச் சூடேறியதும் கோப்பையை வைத்துவிட்டு, கிருமிநாசினி தேய்த்து, அடுத்த குழந்தையைத் தொட்டார். ஒவ்வொரு குழந்தைக்கு முன்பும் அப்படித்தான்.

அவற்றில் ஒன்று என் தங்கையின் மகள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தங்கை இன்னும் கண் விழிக்கவில்லை. குழந்தையின் உடற்சூடு இறங்கிக்கொண்டிருந்தது. தாய்க்குப் பதில் தகப்பன் வெற்று மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்றார் தாதி.

மலையகத்து லிந்துலையில் தேயிலைத் தோட்ட வேலை செய்யும் என் மச்சான், தங்கையின் கணவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பொறந்து முப்பது நாள் தீட்டு கழியாம ஆம்பளைங்க புள்ளையத் தூக்க மாட்டோம் மிஸ்ஸி. அம்மா ஏசுவாங்க."

தாதி வாதாடவில்லை.

"தூக்காதீங்க தம்பி. சட்டையக் கழட்டிட்டுச் சாஞ்சு உக்காருங்க, போதும். தூக்குறது நான். அம்மா கேட்டா என்னைய ஏசச் சொல்லுங்க."

மச்சான் உட்கார்ந்தார். தாதி மறுபடி கைகளைச் சூடாக்கிக்கொண்டு வந்து, குழந்தையை அவர் நெஞ்சில் கிடத்திக் கம்பளியால் போர்த்தினார்.

"மூச்சு விடுங்க தம்பி. அதுக்கு முப்பது பாக்க வேணாம்."

மதியம் குழந்தையின் பாதங்கள் சூடாக இருந்தன. மச்சான் அசையவே இல்லை.

தங்கையும் மகளும் வீடு திரும்பும்வரை தினமும் அங்கே போனேன். அந்தத் தாதி தேநீர் குடித்து நான் பார்க்கவில்லை.